எலும்பு கூடவில்லை: மின்காந்தச் சிகிச்சை எடுக்கலாமா, மறு அறுவைக்கே போய்விடலாமா?

தாமிரபரணிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 34. சென்ற மார்ச் மாதம் பைக் விபத்தில் அவனுடைய வலது காலில், கெண்டைச் சதை முடிந்து கால் ஒடுங்கும் இடத்தில், பெரிய எலும்பு முறிந்தது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்ததால் அன்றிரவே புண்ணைக் கழுவி, மறுநாள் உள்ளே ராடு வைத்து, மேலே இரண்டும் கீழே இரண்டுமாக ஸ்க்ரூ போட்டார்கள். புண் ஆறிவிட்டது. ஆனால் இந்த டிசம்பரோடு ஒன்பது மாதம் முடிந்தும் எலும்பு மட்டும் கூடவில்லை. ஊன்றுகோல் இல்லாமல் நான்கு அடி வைத்தால் முறிந்த இடத்தில் சுருக்கென்று வலிக்கிறது என்கிறான்.

ராடை மாற்றி, தேவைப்பட்டால் இடுப்பு எலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டும் என்று அறுவை செய்த மருத்துவர் கூறுகிறார். இன்னொரு முறை கத்தி வைக்கத் தம்பி அஞ்சுகிறான். இதற்கிடையில், கத்தியே இல்லாமல் மின்காந்த அலையால் எலும்பைக் கூட வைக்கும் கருவி இருப்பதாக உறவினர் ஒருவர் சொன்னார். எங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஒரு பிசியோதெரபி நிலையத்தில் விசாரித்தபோது, நாளுக்கு 20 நிமிடம் வீதம் 15 நாள் வந்தால் போதும் என்றார்கள். இது உண்மையான மருத்துவமா, அல்லது காந்தப் படுக்கை விற்பவர்கள் சொல்லும் கதையா? விவரம் அறிந்தவர்கள் கூற வேண்டும்.

---

பழைய_மாவுக்கட்டு எழுதியது:

நான் ஓய்வுபெற்ற எலும்பு முறிவு மருத்துவன். உங்கள் தம்பியை நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வியைச் சற்றுத் திருப்பிப் போட உதவ முடியும். எந்தக் கருவி எலும்பைக் கூட வைக்கும் என்று கேட்பதற்கு முன்னால், இந்த எலும்பு ஏன் கூடவில்லை என்று கேட்டாக வேண்டும். பெரும்பாலான எலும்புகள் நாம் அதிகம் கெடுக்காமல் இருந்தாலே தாமாகக் கூடிவிடும். கூட மறுக்கும் எலும்புக்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இத்தகைய கருவிகளை மதிப்பிடுவதற்காக வைத்திருந்த வரையறையின்படி, அடிபட்டு ஒன்பது மாதம் ஆகி, அதில் கடைசி மூன்று மாதங்களில் எக்ஸ்ரேயில் எவ்வித முன்னேற்றமும் இல்லை என்றால் அது கூடாத முறிவு. இது புத்தகக் கணக்குதான். இரண்டு அங்குல எலும்பைச் சாலையிலேயே விட்டுவிட்டு வந்தவருக்கு ஒன்பது மாதம் காத்திருந்து பெயர் சூட்ட வேண்டியதில்லை.

எக்ஸ்ரேயில் இரண்டு விதமான தோற்றங்களைப் பார்ப்போம். முதல் வகையில், முறிந்த இரு முனைகளும் யானையின் பாதம் போல விரிந்து தடித்திருக்கும் (யானைக்கால் நோயோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்), நடுவில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு நிற்கும். அங்கே இரத்த ஓட்டத்துக்குக் குறைவில்லை, உயிரணுக்களும் வேலை செய்கின்றன; பிடிமானம் போதாமல் முனைகள் ஆடிக்கொண்டே இருப்பதால்தான் பாலம் முடியவில்லை. இரண்டாவது வகையில் முனைகள் பென்சில் சீவியது போல மெலிந்து, புது எலும்பின் சுவடே இல்லாமல் இருக்கும். அங்கே குறைவது உயிர்ப்பு. முதல் வகைக்கு உறுதி வேண்டும். இரண்டாவது வகைக்கு உறுதியோடு எலும்பு வித்தும் (புது எலும்பு வளர, வேறிடத்திலிருந்து எடுத்து வைக்கும் எலும்புத் துகள்) வேண்டும். இவ்விரண்டுக்கும் அடியில் சீழ் ஒளிந்திருக்கக் கூடும். எலும்பு வெளியே தெரிந்த முறிவுகளில், மேலே புண் ஆறிய பிறகும் அந்தச் சந்தேகத்தை எளிதில் விட்டுவிடக் கூடாது.

எனவே சிலவற்றைச் சொல்லுங்கள். தம்பி புகைப்பவரா? சர்க்கரை பார்த்தீர்களா? வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குகிறாரா? கடைசி எக்ஸ்ரேயில் ஸ்க்ரூக்கள் அனைத்தும் முழுதாக இருக்கின்றனவா?

---

சுருளும்_மின்னும் எழுதியது:

நான் மருத்துவக் கருவிப் பொறியாளர். சிகிச்சை முடிவை டாக்டர் ஐயாவிடம் விட்டுவிட்டு, கருவி எப்படி இயங்குகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் 20 நிமிடக் கணக்கு எனக்கு நெருடுகிறது.

1957இல் ஜப்பானைச் சேர்ந்த எய்ச்சி ஃபுகாடா, இவாவோ யசுதா ஆகிய இருவரும், உலர்ந்த எலும்பை அழுத்தினால் அதில் மின்னழுத்தம் தோன்றுகிறது என்று காட்டினார்கள். 1962இல் நியூயார்க்கின் ஆண்ட்ரூ பாசெட்டும் ராபர்ட் பெக்கரும், எலும்பை வளைக்கும்போது அமுங்கும் பக்கம் எதிர்மின் தன்மை அடைவதை எழுதினார்கள். பாரம் தாங்கி அமுங்கும் பக்கத்தில்தான் எலும்பு புதிதாகப் படிகிறது என்பது அதற்கு முன்பே தெரிந்த செய்தி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு எழுந்த கேள்வி எளியது: நடக்க முடியாதவரின் எலும்புக்கு நாமே வெளியிலிருந்து அந்த மின்சைகையைக் கொடுத்தால் என்ன? உயிருள்ள, ஈரமான எலும்பில் அந்த மின்னழுத்தத்தின் பெரும்பகுதி நுண்குழாய்களில் திரவம் ஓடுவதால் வருகிறது என்று பின்னால் தெரிந்தது. அதனால் கேள்வியின் வலு குறையவில்லை.

மின்சாரத்தை உள்ளே அனுப்ப மூன்று வழிகள் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கார்ல் பிரைட்டன் குழுவினர் முறிவுக்குள் மெல்லிய கம்பி முனைகளைச் செருகி, ஒவ்வொன்றிலும் 20 மைக்ரோஆம்பியர் நேர்மின்னோட்டம் செலுத்தினார்கள். இது தோலைத் துளைக்கும் முறை. இரண்டாவது, தோலின் மேல் இரு பக்கமும் பட்டைகளை ஒட்டி 60 கிலோஹெர்ட்ஸ் அலை கொடுப்பது. மூன்றாவதுதான் நீங்கள் கேட்பது: மாவுக்கட்டுக்கு மேலேயே காலின் இரு புறமும் கம்பிச் சுருள்களைக் கட்டி, மின்னோட்டத்தைத் துடிப்புத் துடிப்பாக அனுப்புவது. இதைப் பாசெட் குழு 1974இல் வெளியிட்டது. 1979இல் அமெரிக்காவில், கூடாத முறிவுக்கு அனுமதி கிடைத்தது.

இங்கே காந்தம் வெறும் வண்டிதான், சரக்கு மின்சாரம். மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்று ஃபாரடே 1831இல் கண்ட அதே விதி, இங்கே கடத்தியாக இருப்பது ஈரத் திசு. சுருளின் புலம் உச்சத்தில் சுமார் 2 மில்லிடெஸ்லா இருக்கும், எம்.ஆர்.ஐ. கருவியின் 1.5 டெஸ்லாவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் அது நுண்நொடிக் கணக்கில் ஏறி இறங்குவதால் திசுவில் ஒரு சென்டிமீட்டருக்கு 1 முதல் 1.5 மில்லிவோல்ட் வரை தூண்டப்படுகிறது. நோயாளிக்குச் சூடும் தெரியாது, கூச்சமும் தெரியாது. காந்தப் படுக்கையைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா? அதிலுள்ள காந்தம் அசையாமல் கிடக்கிறது. அதன் மேல் அசையாமல் படுத்திருப்பவரின் எலும்பில் அது எந்த மின்னழுத்தத்தையும் தூண்டாது.

நேரத்தைப் பொறுத்தவரை, பாசெட்டின் நோயாளிகள் நாளுக்கு 10 மணி நேரத்துக்குக் குறையாமல், பெரும்பாலும் இரவு உறக்கத்தில், மாதக்கணக்கில் சுருளைக் கட்டியிருந்தார்கள். பின்னால் வந்த வீட்டுக் கருவிகளில் நாளுக்கு மூன்று மணி நேரம் என்று குறைந்தது. அதற்கும் குறைவாகப் பயன்படுத்தியவர்களிடம் பலன் சரிந்தது என்பது 1991இல் வந்த ஓர் ஆய்வின் கணக்கு. 20 நிமிடம் வீதம் 15 நாள் என்றால் மொத்தம் ஐந்து மணி நேரம். பாசெட்டின் நோயாளிக்கு அது பாதி இரவு.

---

ஐயப்பேர்வழி எழுதியது:

மேலே உள்ள பதிவு அழகாக இருக்கிறது; ஆனால் வேலை செய்யக்கூடும் என்பதும் வேலை செய்கிறது என்பதும் ஒன்றல்ல. விளம்பரங்களில் சுற்றிவரும் 87 சதவீத வெற்றி எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். 1981இல் பாசெட் குழு 125 நோயாளிகளின் 127 கால் எலும்பு முறிவுகளைப் பற்றி எழுதிய கட்டுரை அது. அதில் ஒப்பிட்டுப் பார்க்க மறு அணி கிடையாது. அந்த நோயாளிகளுக்குக் கருவியோடு சேர்த்து என்ன கிடைத்தது என்று பாருங்கள்: முழு மாவுக்கட்டு, காலை ஊன்றக் கூடாது என்ற கண்டிப்பு, இரவெல்லாம் அசையாமல் படுத்தல், அடிக்கடி மருத்துவரின் கவனிப்பு. எலும்பைக் கூட வைத்தது சுருளா, கட்டா?

இதைச் சோதிக்க இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த அந்தோனி பார்க்கர் குழு ஓர் இரட்டை மறைப்பு ஆய்வு நடத்தியது. முடிவு 1984இல் லான்செட் இதழில் வந்தது. ஓராண்டுக்கு மேலாகக் கூடாத கால் எலும்புள்ள 16 பேர். பார்வைக்கு ஒரே மாதிரியான கருவிகள். சில இயங்கும், சில வெறும் பெட்டிகள். யாரிடம் எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. இரு அணிக்கும் ஒரே மாவுக்கட்டு, ஒரே ஓய்வு. உண்மைக் கருவி பெற்ற ஒன்பது பேரில் ஐந்து பேருக்கு எலும்பு கூடியது. வெறும் பெட்டி பெற்ற ஏழு பேரிலும் ஐந்து பேருக்குக் கூடியது!

பார்க்கர் காந்தப்புலத்தின் எதிரி என்று யாரும் சொல்ல முடியாது. தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டும் கருவியை மறு ஆண்டே, 1985இல், செய்து காட்டியவரும் அவர்தான்.

---

பழைய_மாவுக்கட்டு எழுதியது:

ஐயப்பேர்வழி ஐயா, 1984ஆம் ஆண்டுக் கட்டுரையை நானும் மாணவர்களுக்குப் பலமுறை படித்துக் காட்டியிருக்கிறேன். ஆனால் அதோடு கதையை நிறுத்தினால் பாதிக் கதைதான். 16 பேர் என்பது மிகச் சிறிய எண். உண்மையில் வேறுபாடு இருந்தாலும் இவ்வளவு சிறிய கூட்டத்தில் அது தென்படாமல் போகலாம்.

1990இல் ஷாரர்ட் வெளியிட்ட ஆய்வும் இரட்டை மறைப்புதான். கூடுவதில் தாமதமான 45 கால் எலும்புகள். அனைவருக்கும் தொடை வரை மாவுக்கட்டு, நாளுக்கு 12 மணி நேரம், 12 வாரம். யாரிடம் எந்தக் கருவி என்று அறியாத கதிரியக்க மருத்துவர் படங்களைப் பார்த்தபோது, உண்மைக் கருவி பெற்ற 20 பேரில் ஐவருக்குக் கூடியிருந்தது, ஐவருக்குக் கூடும் நிலையில் இருந்தது, பத்துப் பேருக்கு முன்னேற்றமில்லை. வெறும் பெட்டி பெற்ற 25 பேரில் ஒருவருக்குக் கூடியது, ஒருவருக்குக் கூடும் நிலை, மற்ற 23 பேருக்கு ஒன்றுமில்லை. 1994இல் ஸ்காட், கிங் ஆகியோர் தோலில் ஒட்டும் பட்டை முறையைச் சோதித்தார்கள்: பத்துப் பேரில் ஆறு பேருக்குக் கூடியது, வெறும் பெட்டி பெற்ற 11 பேரில் ஒருவருக்கும் கூடவில்லை.

இந்த இரு ஆய்வுகளையும் இதே போன்ற இன்னும் இரண்டையும் சேர்த்து, மொத்தம் 125 நோயாளிகளை வைத்து, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2011இல் மதிப்பிட்டது. கருவி பெற்றவர்களுக்கு எலும்பு கூடும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு, அதாவது 1.96 என்று வந்தது. ஆனால் உண்மை விடை 0.86 முதல் 4.48 வரை எங்கும் இருக்கலாம்; 1 என்றால் கருவியால் வேறுபாடே இல்லை என்று பொருள். அதாவது பலனே இல்லை என்ற விடைக்கும் அந்த எல்லைக்குள் இடமிருக்கிறது. 2016இல் முதுகெலும்பு இணைப்பு, புது முறிவு முதலியவற்றையும் சேர்த்து 15 ஆய்வுகளைத் தொகுத்தவர்கள், எக்ஸ்ரேயில் கூடாமல் நிற்பது 35 சதவீதம் குறைகிறது என்றார்கள். ஆனால் நோயாளி நடமாடும் திறனில் வேறுபாடு தெரியவில்லை.

புது முறிவுக்கு எலும்பு சீக்கிரம் கூடட்டும் என்று கட்டிவிடுபவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் 259 பேரிடம் நடந்து 2011இல் வந்த ஆய்வில், புதிதாக முறிந்த கால் எலும்புக்கு இக்கருவி மறு அறுவையைக் குறைக்கவில்லை.

என் மதிப்பீட்டைக் கேட்டால், இது ஏமாற்று வேலை அல்ல, அற்புதமும் அல்ல. எலும்பு நேராக நிற்கிறது, ஆடவில்லை, இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்குள், சீழ் இல்லை, ஆனாலும் கூடவில்லை; நோயாளிக்கு இதய நோயோ வேறு காரணமோ இருப்பதால் மறு அறுவை ஆபத்து. இப்படிப்பட்டவருக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முறிந்த முனைகளுக்கு இடையில் பொய் மூட்டே உருவாகி நீர் கோத்து நின்றால் எழுதிக் கொடுக்க மாட்டேன். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் அவ்வாறே.

---

ஊன்றுகோல் எழுதியது:

அப்படி எழுதிக் கொடுக்கப்பட்ட ஒருத்தி நான். வயது 61, இதய வால்வு மாற்றியவள், அதற்காக இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவள். கால் எலும்பு மாவுக்கட்டில் பத்து மாதமாகியும் கூடவில்லை. ஆனால் நேராக நின்றது. மறு அறுவைக்கு மயக்க மருத்துவர் தயங்கியதால் கருவி வந்தது.

பார்ப்பதற்கு அது குதிரை லாடத்தைச் சற்று அகலப்படுத்தியது போன்ற சுருள். ஒரு வயர், அதன் முனையில் டிரான்சிஸ்டர் ரேடியோ அளவில் ஒரு பெட்டி. எக்ஸ்ரே பார்த்து மாவுக்கட்டின் மேல் பேனாவால் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தார்கள், சுருளின் நடு அந்த வட்டத்தில் இருக்க வேண்டும் என்று. பெட்டி எத்தனை மணி நேரம் ஓடியது என்று அதுவே கணக்கு வைத்துக்கொள்ளும். ஒரு நாள் சோம்பியிருந்தாலும் அடுத்த முறை மருத்துவரிடம் காட்டிக் கொடுத்துவிடும். மாலையில் தொலைக்காட்சி முன் காலை நீட்டி மூன்று மணி நேரம். ஐந்தாம் மாதம் எக்ஸ்ரேயில் நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் பாலம் கட்டியிருந்தது.

கருவிதான் கூட வைத்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அதே நாட்களில் கட்டை மாற்றி இறுக்கமாகப் போட்டார்கள், வைட்டமின் டி குறைவு என்று கண்டு மருந்து கொடுத்தார்கள், மகள் வீட்டுக்கு வந்து சமையலறையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். இவற்றில் எது என்று எலும்புக்குத்தான் தெரியும்.

---

தாமிரபரணிக்கரை எழுதியது:

அம்மா, டாக்டர் ஐயா, அனைவருக்கும் நன்றி. கேட்ட விவரங்களைத் தருகிறேன். சர்க்கரை இல்லை. சிகரெட் எப்போதாவது என்று சொல்லிக்கொண்டிருந்தவன், கேட்டுக் கேட்டு நாளுக்கு ஆறு ஏழு என்று ஒப்புக்கொண்டான். வலி மாத்திரை முதல் இரண்டு மாதத்தோடு நின்றுவிட்டது.

எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முறிவின் இரு பக்கமும் எலும்பு புடைத்து, நீங்கள் சொன்ன யானைப் பாதம் போலத்தான் எனக்குத் தோன்றுகிறது. நடுவில் மயிரிழை போலக் கறுப்புக் கோடு. ஸ்க்ரூவைப் பற்றிக் கேட்டீர்கள். கீழே உள்ள இரண்டில் ஒன்று, ராடுக்குள் நுழையும் இடத்தில் இரண்டாகத் தெரிகிறது. செப்டம்பர் படத்தில் அது ஒன்றாகத்தான் இருந்தது. இதை நாங்கள் கவனிக்கவே இல்லை.

---

பழைய_மாவுக்கட்டு எழுதியது:

உங்கள் கண்ணுக்குப் பட்டது சரியாக இருந்தால், உங்கள் கேள்விக்கு அந்த ஸ்க்ரூவே விடை சொல்லிவிட்டது. உறுதியாக இருக்கும் எலும்பில் ஸ்க்ரூ ஒடிவதில்லை. ஒரே கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிவது போல, ஒவ்வோர் அடியிலும் அந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாக ஆடியிருக்கிறது. எலும்பு தன் பங்குக்குப் பாலம் கட்டிக்கொண்டே வந்திருக்கிறது. ஆட்டம் அதைக் கலைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இவருடைய எலும்பணுக்களுக்குத் தூண்டுதல் தேவையில்லை, அவை விழித்துத்தான் இருக்கின்றன. இந்த ஆட்டத்தை எந்தச் சுருளும் நிறுத்தாது.

உங்கள் மருத்துவர் சொன்னது இந்த நிலைக்குப் பொருத்தமான, நன்கு பழகிய சிகிச்சை. பழைய ராடை எடுத்து, எலும்பின் உட்குழாயைக் கடைந்து, அதைவிடத் தடித்த ராடு போடுவது. கடையும்போது விழும் துகளே உள்ளுக்குள் எலும்பு வித்தாகிவிடுவதால், இந்த வகையில் இடுப்பைத் தொடாமலே பெரும்பாலும் வேலை முடியும். இரண்டை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: முன்கூட்டியே சீழுக்கான இரத்தப் பரிசோதனைகள், அறுவையின்போது உள்ளிருந்து திசு எடுத்து கல்ச்சருக்கு அனுப்புவது. சிகரெட்டை நிறுத்துவதற்கு அறுவை நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

---

சுருளும்_மின்னும் எழுதியது:

டாக்டர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். பின்னால் வந்து படிப்பவர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன்: காலுக்குள் ராடு இருப்பதால் கருவியைக் கட்டக் கூடாது என்று சிலர் அஞ்சுகிறார்கள். டைட்டானியமோ, இன்றைய அறுவைகளில் பயன்படும் துருப்பிடிக்காத எஃகோ காந்தத்தால் ஈர்க்கப்படுவதில்லை; அவற்றுக்கு வெளியே சுருளைக் கட்டித் தடையின்றிப் பயன்படுத்தி வருகிறார்கள். எனவே இங்கே கருவி வேண்டாம் என்பதற்குக் காரணம் ராடு அல்ல, ஒடிந்த ஸ்க்ரூ.

---

தாமிரபரணிக்கரை எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். பொங்கல் முடிந்த வாரத்தில் அறுவை நடந்தது. 9 மில்லிமீட்டர் ராடை எடுத்துவிட்டு 11 மில்லிமீட்டர் வைத்தார்கள். இடுப்பில் கை வைக்கவில்லை. உள்ளிருந்து எடுத்து அனுப்பிய திசுவில் 14 நாள் வைத்திருந்தும் கிருமி எதுவும் வளரவில்லை. வலி தாங்கும் அளவுக்குக் காலை ஊன்றி நடக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பிசியோதெரபி நிலையத்தில் கட்டியிருந்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்டோம். அதற்கு ஈடாக முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் பயிற்சி தருகிறோம் என்றார்கள். சரி என்று விட்டுவிட்டோம். அந்தப் பயிற்சி எப்படியும் தேவைதான்.

ஒடிந்த ஸ்க்ரூவின் இரு துண்டுகளையும் ஒரு சிறிய மருந்துக் குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். தம்பி அதைத் தன் மேசை மேல், முன்பு சிகரெட் பெட்டி இருந்த இடத்தில் வைத்திருக்கிறான். ஐந்து வாரமாகத் தொடவில்லை என்கிறான். ஆனாலும் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு அவன் கொல்லைப் பக்கம் போனால், துணி காயப்போட என்று அம்மாவும் பின்னாலேயே போய்விடுகிறார். அடுத்த எக்ஸ்ரே மார்ச் முதல் வாரம்.